பெண்கள்: இல்லை

போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர்களுக்குக் கோயம்புத்தூரில் ஒரு நாள் பயிற்சி. ஹாலில் ஆறு ஃபேன், ஓடியது இரண்டு. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நான் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை அடிதடியிலோ திருட்டிலோ மாட்டினால், அதன் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் விசாரித்து, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் பிள்ளையை என்ன செய்வதென்று குழுமம் முடிவெடுக்கும்.

நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த நித்யா என்ற பெண் எழுந்தாள். கையில் போன், போனில் ஏதோ ஒரு வரைபடம்.

"மேடம், பொண்ணுங்க அடிதடி கேஸ் வருசா வருசம் கூடிட்டே போகுதுன்னு போட்டிருக்காங்க. பசங்களுக்குச் சமமா வந்துருவாங்க போலிருக்கு. உங்க காலத்துல பொண்ணுங்க அடிச்சுக்கவே மாட்டாங்களாங்க மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தால் அடக்கத் தெரியாத ஜென்மம் நான். மைக் முன்னால் நின்று சிரித்ததில் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அடிச்சுக்க மாட்டாங்களாவா? அம்மணி, கடிச்சாங்க. முடியைப் புடிச்சு இழுத்தாங்க. ஒருத்தி ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்து காம்பஸை எடுத்துக் குத்துனா. நாங்கதான் எழுதலை."

நித்யா போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு ஹாலில் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. அதையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் போனேன், திட்டு வாங்கினேன், இரண்டு முறை நாய் கடித்தது. கற்றதெல்லாம் எனக்கு மேலதிகாரியாக இருந்த நஞ்சப்பன் சாரிடம்தான். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பைக் திருடிய பதினாறு வயதுப் பையனிடம், "ஏனுங்க கண்ணு, அந்த வண்டியை எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார். பையன் வெட்கப்பட்டே சொல்லிவிடுவான். போலீஸ்காரர்கள் மணிக்கணக்கில் உருட்டியும் சொல்லாத இடத்தை!

அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, தண்ணீர். விசாரிக்கப் போன வீட்டில் தண்ணீர் கேட்காமல் திரும்பக் கூடாது. "முன்னால உக்காந்து பேசறவங்க ஊருக்குப் பேசறவங்கம்மா. தண்ணி எடுக்க ஒருத்தர் உள்ள போவாங்க பாருங்க, அவங்க பின்னாடியே போங்க. விசயம் அங்கதான் இருக்கும்" என்பார். அடித்த பிள்ளையின் வீடு, அடிபட்ட பிள்ளையின் வீடு, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது வீடு ஒன்று. மூன்றிலும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். கொங்கு நாட்டு வீடுகளில் தண்ணீர் கேட்டால் தண்ணீர் மட்டுமா வரும்? மோர் வரும், காபி வரும், முறுக்கு வரும். என் உடம்பு பெருத்ததற்கு அரசாங்கமே பொறுப்பு.

இரண்டாவது, சிவப்புப் பென்சில். நாம் எழுதிக் கொண்டுபோன அறிக்கையை எழுந்து நின்று சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பாத்தீங்களா, கேட்டீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்பார். கண்ணால் பார்த்ததென்றால் ஓரத்தில் 'பா' என்று போடுவார். யாராவது சொல்லிக் கேட்டதென்றால் 'கே'. நாமாக நினைத்து எழுதியதென்றால் 'நெ'. 'நெ' விழுந்த வாக்கியத்தை ஒரே கோடாக அடித்துவிடுவார். என் முதல் அறிக்கை நாலு பக்கம். அடித்து முடித்தபோது மிஞ்சியது பையனின் பெயரும் விலாசமும்தான். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இவ்வளவு நல்ல மனிதரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பெண் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் மட்டும் பென்சிலை வெளியே எடுக்கவே மாட்டார். "பொண்ணுப் புள்ளைங்க பேரு காயிதத்துல ஏறக் கூடாதுங்கம்மா. பேசி முடிச்சு உட்டுருங்க." இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து, காபி குடித்து, முடித்துவிடுவோம். மார்ச் மாதம் மேலே அனுப்பும் வருடாந்திர அறிக்கையில், பையன்கள் என்ற இடத்தில் ஒரு எண்ணிக்கை இருக்கும். பெண்கள் என்ற இடத்தில் சார் தம் கையாலேயே 'இல்லை' என்று எழுதுவார். எழுதிவிட்டு, அத்தனை பெண் பிள்ளைகளையும் தாமே கரையேற்றிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷப் பெருமூச்சு விடுவார். நானும்தான் விட்டேன்.

அப்போது பவானிப் பக்கமும் எங்கள் பொறுப்பு. அங்கே இப்படித்தான் ஒரு பெண்ணைக் 'காப்பாற்றினோம்'. இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது, அவள் ஜமக்காளம் நெய்யும் வீடு ஒன்றின் வாசலில், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். சண்டை போட்ட மறுவாரமே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். "நீங்க கேஸ் இல்லாம முடிச்சுட்டீங்கன்னு எங்கப்பாவுக்கு ரொம்ப சந்தோசங்க" என்றாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு 'இல்லை' என்ற சொல்லே பிடிக்காமல் போனது.

கோகிலாவின் விஷயம் வந்தது அதற்கப்புறம்தான். காரமடைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த பெண் கோகிலா. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூடப் படிக்கும் சர்மிளாவின் நெற்றியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸால் ஒரே அடி. மூடி திறந்துகொண்டது. உள்ளே இருந்தது தக்காளிச் சாதம். சர்மிளாவின் முகத்தில் எது சாதம், எது ரத்தம் என்று தெரியாமல், ஓடி வந்த விளையாட்டு வாத்தியார் பொத்தென்று மயங்கி விழுந்தார். பிள்ளைகள் முதலில் அவரைத்தான் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். சர்மிளா நெற்றியைக் கர்ச்சீப்பால் அழுத்திக்கொண்டு, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். நாலு தையல். தையல் என்றதால் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போய், ஸ்டேஷனிலிருந்து எங்களுக்கு வந்தது.

அடுத்த மூன்று நாளும் ஊரே சேர்ந்து ஒரு காரியம் செய்தது. பையனைத் தேடியது. ஆமாம், இரண்டு பெண்கள் அடித்துக்கொண்டால் நடுவில் ஒரு பையன் இருக்க வேண்டுமே! தலைமையாசிரியை தேடினார், ஸ்டேஷன் ஏட்டு தேடினார், நஞ்சப்பன் சாரும் என்னிடம், "பையன் யாருன்னு மட்டும் பாத்துட்டு வந்துருங்கம்மா" என்றார். மினி பஸ் கண்டக்டர் ஒருவர் கோகிலாவுக்குத் தினமும் சீட்டுப் பிடித்து வைக்கிறார் என்று துப்புக் கிடைத்தது. பிடித்துவிட்டோம் ஆளை என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

கண்டக்டர் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ மேடம், அந்தப் புள்ளைங்களா? போன வருசம் படிக்கட்டுல நின்ன ஒரு ஆயாவை நான் திட்டிப்போட்டேனுங்க. அதுக்கு இந்தப் புள்ள என்ற டிக்கெட் பையைப் புடுங்கி ரோட்டுல வீசிப்போட்டாங்க. அன்னைல இருந்து சீட்டைக் குடுத்துட்டுக் கம்முனு இருக்கறனுங்க. பயந்தானுங்க, வேற ஒண்ணும் இல்லீங்க."

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு மூன்று வீட்டுக்கும் கிளம்பினேன்.

கோகிலாவின் வீடு கறிவேப்பிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. தெருமுனையிலேயே வாசம் தூக்கும். முன்னறையில் கோகிலாவின் தாய்மாமன் காலை நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். அப்பா சின்ராசு தூணோரம் நின்றிருந்தார்.

"படிச்ச வரைக்கும் போதுமுங்க" என்றார் மாமன். "இனி அந்தப் பள்ளிக்கொடத்துக்கு எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறது? நம்ம பையனுக்கே பேசி வெச்சுரலாம்னு இருக்கறனுங்க. இப்ப நிச்சயம் மட்டும்தான். கல்யாணம் பதினெட்டு முடிஞ்ச பொறவு. சட்டமெல்லாம் நமக்கும் தெரியுமுங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று சின்ராசுவிடம் கேட்டேன்.

"மச்சான் சொன்னாச் சரிதானுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வாயில்லாப் பூச்சி என்று மனதுக்குள் திட்டினேன். தண்ணீர் கேட்டேன். அம்மா அழுதுகொண்டிருந்ததால் சின்ராசுவே உள்ளே போனார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன்.

அப்புறம் கோகிலாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினேன். நிமிர்ந்து பார்க்கும் பெண். பொய் வரவில்லை அவள் வாயில்.

"கோ-கோ டீம் செலக்சனுங்க மேடம். நான்தான் நல்லா ஓடுவேன். அன்னிக்கு நான் ஊட்டுக்குத் தூரமுங்க. அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ போய் வெளையாட்டு சார்கிட்டச் சொல்லிப்போட்டா. சார் என்ற பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட்டுட்டாரு. கோவம் வந்துருச்சு, அடிச்சுப்போட்டேன்."

"அடிச்சது சரியா?"

"தப்புத்தானுங்க." கறிவேப்பிலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "மேடம், நான் மறுக்காப் பள்ளிக்கொடம் போக முடியுங்களா?"

சர்மிளாவின் வீட்டில் காபி தயாராக இருந்தது. விஷயத்தை வெளியே விடாமல் முடித்தால் போதும் என்றார்கள். நெற்றியில் தழும்பு எப்படி வந்ததென்று நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது? குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் பதிலும் தயார். தண்ணீர் எடுக்க உள்ளே போனது கட்டுப் போட்ட சர்மிளாவேதான். பின்னாடியே போனேன்.

"நான் சார்கிட்டச் சொன்னது தப்புங்க. அவ அடிச்சது தப்பு. ரெண்டையும் எழுதுங்க மேடம்" என்றாள். "வழுக்கி உழுந்தேன்னு சொல்றதுக்கு எனக்கு அவமானமா இருக்குதுங்க. நான் என்ன நடக்கத் தெரியாதவளா?"

மூன்றாவது வீட்டில் ஒரு பெரியம்மா முறுக்கோடு ஒரு விஷயமும் கொடுத்தார். அவர் மகன் அதே பள்ளியில் பன்னிரண்டாவது. போன வருஷம் கூடப் படிக்கும் பையனின் கையை உடைத்திருக்கிறான். "என்ன செஞ்சாங்க?" என்றேன். "என்ன செய்வாங்க, வயசுக் கோளாறு. ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதி வாங்கிட்டு, திங்கக்கெழமை கெளாசுக்கு அனுப்பிச்சுட்டாங்க. இப்ப அந்தப் பையனும் இவனும் ஒரே கபடி டீமுங்க." வாயில் வைத்த முறுக்கை மெல்ல மறந்துபோனேன். கையை உடைத்தவனுக்குத் திங்கட்கிழமை வகுப்பு, நாலு தையல் போட வைத்தவளுக்கு நிச்சயதார்த்தம்!

அறிக்கையை எழுதிக்கொண்டு போனேன். சார் முகம் சுண்டிப்போனது.

"எதுக்குங்கம்மா இது? ரெண்டு ஊட்டுலயும் பேசி முடிச்சுட்டாங்களே. பொண்ணுப் புள்ளை மேல கேஸா?"

"கேஸ் இருந்தாத்தானுங்க சார் குழுமத்துக்குப் போகும். குழுமத்துக்குப் போனாத்தான் உத்தரவு வரும். பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. பேசி முடிச்சா என்னங்க இருக்குது அவகிட்ட? திரும்பப் பள்ளிக்கொடம் போறதுக்கு ஒரு துண்டுக் காயிதம்கூட இல்லீங்க."

அவர் பேனாவைத் திறந்தார். மேலதிகாரியின் குறிப்புக்கென்று விடப்பட்ட இடத்தில், தம் அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார்: 'காதல் தகராறு எனத் தெரிகிறது. சிறுமியிடம் ஒழுக்கக் குறைபாடு உள்ளது. சமரசம் ஆனதால் மேல்நடவடிக்கை தேவையில்லை.'

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. கை நீட்டி அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவினேன். எழுந்து நின்று, அவர் எழுதியதைச் சத்தமாகப் படித்தேன்.

"காதல் தகராறு. பாத்தீங்களா சார், கேட்டீங்களா, நெனச்சீங்களா?"

அலுவலகத்தில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. பியூன் டீ கிளாஸோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நெனச்சேனுங்க" என்றார் கடைசியில்.

ஓரத்தில் 'நெ' போட்டேன். "ஒழுக்கக் குறைபாடு. பையன் கையை உடைச்சா வயசுக் கோளாறு, பொண்ணு மண்டையை உடைச்சா ஒழுக்கக் குறைபாடுங்களா சார்?"

"அதுவும் நெனச்சதுதானுங்க" என்று பென்சிலை வாங்கி, தாமே இரண்டையும் ஒரே கோடாக அடித்தார். அடித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் முப்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்திருப்பேன். "இத்தனை வருசமா என்ற பென்சில்ல எனக்கே ஒருத்தரும் போடலீங்களே, அம்மணி" என்றார். டீயை எனக்குக் கொடுக்கச் சொன்னார்.

குழுமம் ஒரு சாதாரண மேஜையைச் சுற்றித்தான் கூடும். கறுப்புக் கோட்டு, கூண்டு, ஒன்றும் கிடையாது. மாஜிஸ்திரேட் அம்மா கோகிலாவைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார். "கோ-கோ ஆடோணுங்க" என்றாள் இவள், யோசிக்காமல். மேஜையில் இருந்த மூன்று பேரும் குனிந்து சிரிப்பை மறைத்தார்கள். உத்தரவு வந்தது. சர்மிளாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறு மாதம், சனிக்கிழமைதோறும் ஆறாம் வகுப்புப் பெண்களுக்குக் கோ-கோ சொல்லித்தர வேண்டும். படிப்பு எக்காரணத்தாலும் நிற்கக் கூடாது, அதற்குத் தகப்பனார் பொறுப்பு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மறுநாளிலிருந்து சின்ராசு மகளை மொபெட்டில் வைத்துத் தாமே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். முதல் மணி அடிப்பதற்கு அரை மணி முன்னால்! ஒரு நாள்கூட லீவு போட விடவில்லை. மச்சான் நிச்சயத்தைப் பற்றிப் பேச வந்தபோது, "கோர்ட்டு உத்தரவு மச்சா. புள்ள ஒரு நாள் நின்னாலும் என்னைய ஜெயில்ல போட்டுருவாங்க. எனக்குப் பதிலா நீ போறியா?" என்று கேட்டாராம். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. நான் திருத்தவில்லை. அப்பாவி பயந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோகிலா பன்னிரண்டாவது முடித்தாள், உடற்கல்வி படித்தாள். இப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ரத்தத்தைப் பார்த்தால் மயங்காத விளையாட்டு ஆசிரியை.

அந்த மார்ச்சில் வருடாந்திர அறிக்கை எழுதும்போது சார் என்னைக் கூப்பிட்டு, பேனாவை என் கையில் கொடுத்தார். பெண்கள் என்ற இடத்தில் நான் எழுதினேன்: ஒன்று. அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து போன், "என்னங்க, உங்க மாவட்டத்துல பொண்ணுங்க வன்முறை திடீர்னு கூடிருச்சு?" என்று. அப்புறம் நாங்கள் நிறுத்தவில்லை, எழுதிக்கொண்டே போனோம்.

"ஆக அம்மணி, உன்ற போன்ல இருக்கற கோட்டை முதல்ல மேல ஏத்துனதுல எனக்கும் ஒரு பங்கு இருக்குது" என்று நித்யாவிடம் சொன்னேன். ஹால் சிரித்தது. ஆனால் எல்லாம் காகிதத்தில் வந்த கூடுதல்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசி வருஷங்களில் என் கைக்கு வந்த சில கேஸ்களில், ஒரு பெண்ணை நாலு பெண்கள் அடிக்க, ஐந்தாவது பெண் அதைப் போனில் படம் எடுத்திருக்கிறாள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையில் எவ்வளவு கூடியது, எழுதியதால் எவ்வளவு கூடியது? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னால் அதற்கு 'நெ'தான் போட வேண்டும். ஜெயிலுக்குப் பயந்து மகளைப் படிக்க வைத்த அப்பாவியின் கதையைக் கடைசியாகச் சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

சொன்ன வாயோடு அவர்களைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே காரமடைக்குப் பஸ் ஏறினேன். கறிவேப்பிலை வாசம் அப்படியே இருந்தது. சின்ராசுவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க மேடம், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி திண்பண்டம் வாங்கக் கடைக்கு ஓடினார். "தண்ணி கொண்டாரனுங்க" என்று சின்ராசு உள்ளே போனார்.

உட்காரப் போனவள் நின்றுவிட்டேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாலும் இதே மனிதர்தான் இதே மாதிரி தண்ணீர் எடுக்க உள்ளே போனார். தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் பின்னாடியே போங்கள் என்று சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். போனது ஆண்பிள்ளை என்பதால் நான் எழுந்திருக்கவே இல்லை. இந்த முறை பின்னாடியே போனேன்.

சமையலறையில் அரிசி டின்னுக்கு மேலே, ஆணியில், லேமினேஷன் செய்த காகிதம் ஒன்று தொங்கியது. குழுமத்தின் உத்தரவு.

"இதை இன்னுமா வெச்சிருக்கீங்க? ஜெயில் பயம் இன்னும் போகலீங்களா?" என்றேன், சிரித்துக்கொண்டே.

சொம்பை நீட்டியவர் என்னைவிடப் பெரிதாகச் சிரித்தார். "ஜெயிலுன்னு நான் எங்கீங்க நம்புனேன்? உத்தரவை நாலு தரம் எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்தனே, அப்பிடி ஒண்ணும் இல்லீங்களே. ஒறம்பரைக, சொந்தக்காரங்க வாயை அடைக்க எனக்கு ஒரு காயிதம் வேண்டியிருந்துச்சுங்க. மச்சானை நேருக்கு நேரா வேண்டாம்னு சொன்னா, என்ற ஊட்டுக்காரிக்குப் பொறந்த ஊடு அத்தோட போச்சு. அன்னிக்கு நீங்க தண்ணி கேட்டீங்க பாருங்க, உள்ள வருவீங்கன்னு இங்கதான் சித்தெ நேரம் நின்னு பாத்தனுங்க. நீங்க வல்லை. ஆனா எப்பிடியோ காயிதத்தைக் கொண்டாந்து குடுத்துட்டீங்க."

சொம்பு என் கையிலேயே இருந்தது. நான் அறிக்கையில் எழுதிய வாக்கியம் எனக்கு மனப்பாடம்: 'தந்தை மைத்துனரின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர், மகளின் படிப்பில் அக்கறை இல்லாதவர்.' நஞ்சப்பன் சார்கூட அதை அடிக்காமல் விட்டுவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எனக்குத் தும்மல் வரும். நாலைந்து முறை தும்மினேன். அவர் பதறிப்போய், கறிவேப்பிலை நெடியாக இருக்கும் என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் நித்யாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மணி, அன்னைக்கு நான் சொன்னதையெல்லாம் எழுதி வெச்சிருக்கறியா?"

"வெச்சிருக்கேங்க மேடம்."

"சிவப்புல ஏதாவது பேனா இருந்தா எடு. அதுல அந்த அப்பாவைப் பத்தி நான் சொன்னது அத்தனைக்கும் ஓரத்துல 'நெ' போடு. போட்டுட்டு அடிச்சுரு."

"ஐயோ, அதுதானுங்க மேடம் எல்லாரும் சிரிச்ச எடம்!"

"தெரியும். அடி" என்றேன்.